வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வழியாக இலங்கைப் பிரஜாவுரிமை: வன்னிக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று இடத்தில் பிறந்திருப்பது புதினமில்லை. மூத்தவள் முழங்காவிலில், நடுவிலான் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், கடைக்குட்டி திரும்பி வந்த பிறகு கிளிநொச்சியில். மூன்று பேருக்கும் ஒரே தாய் தகப்பன், ஒரே பள்ளிக்கூடம். ஆனால் சாதாரண தரப் பரீட்சை கிட்ட வந்து பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கு எழுதும்போது நடுவிலானின் விண்ணப்பம் மட்டும் அப்படியே நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழ் இந்தியாவுடையது, பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளை, தாயோ தகப்பனோ இலங்கையர் என்பதால் மட்டும் தானாகவே இலங்கைப் பிரஜை ஆகிவிடுவதில்லை. அந்தப் பிறப்பு இலங்கை அரசிடம் பதியப்பட வேண்டும். பதிந்தால்தான் உரிமை கையில் வரும். பிந்தினாலும் பதியலாம், கதவு பூட்டப்படவில்லை. ஆனால் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஓடத் தொடங்கினால் பிள்ளை அழும், நீங்களும் அழுவீர்கள். இன்றைக்கே தொடங்குங்கள்.

சட்டம் சொல்வது என்ன

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடி. அதில் 5 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவுதான் நமக்கு வேண்டியது, இந்த இலக்கத்தை மனதில் வைத்திருங்கள், அலுவலகத்தில் “ஐந்து இரண்டு” என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது இலங்கைப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும், பிறந்து ஒரு வருடத்துக்குள் அந்தப் பிறப்பு பதியப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. பதிவைப் பிறந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலும் செய்யலாம், இலங்கைக்குள் உரிய அலுவலகத்திலும் செய்யலாம். ஒரு வருடம் தாண்டிவிட்டால், தகுந்த காரணம் காட்டினால் மேலதிக காலம் கொடுக்க அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. முகாமில் பிறந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்தக் கடைசி வழியால்தான் போக வேண்டியிருக்கும்.

முன்பு சட்டத்தில் “தகப்பன்” என்றுதான் இருந்தது. திருமணப் பந்தத்துக்குள் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிரஜாவுரிமை கணக்கில் வரவில்லை. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதை மாற்றித் தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை கொடுத்தது. இந்தியரைக் கலியாணம் செய்த நம் பெண்களின் பிள்ளைகளுக்கும், தகப்பன் காணாமல் போன அல்லது கைவிட்டுப்போன பிள்ளைகளுக்கும் இது பெரிய விஷயம். 2003 க்கு முன் பிறந்தவர் என்றால் தகப்பனின் பத்திரங்களையும் தேடி எடுத்து முன்னால் வையுங்கள். தாய் வழி மட்டும்தான் இருக்கிறது என்றால், விண்ணப்பிக்க முதல் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருதரம் பைலைக் காட்டுங்கள், வசதி குறைந்தவர்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

முதலாவது படி: உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

பிள்ளை பிறந்த நாளில் நீங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பதுதான் கேள்வி. முகாமில் அகதியாகப் பதிந்திருந்தால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். இல்லை. அகதிப் பதிவு, அடைக்கல விண்ணப்பம், வெளிநாட்டு வதிவிட அனுமதி, வேலை விசா, இவை எதுவுமே உங்கள் பிரஜாவுரிமையை எடுத்துவிடாது. வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை நீங்களாகக் கேட்டு எடுத்தால்தான் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமல் போகும். கனடாவில் இருக்கும் தம்பி 2010 இல் கனடியப் பிரஜாவுரிமை எடுத்து, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காமலே இருந்து, 2012 இல் பிள்ளை பிறந்திருந்தால் அவர் வழியாகப் பிள்ளைக்குக் கேட்க முடியாது. மனைவி அந்த நேரம் இலங்கைப் பிரஜையாகவே இருந்திருந்தால் அவர் வழியாகக் கேட்கலாம். இப்படி இரண்டு பேரையும் தனித்தனியே பாருங்கள்.

பெற்றோரே முகாமில் பிறந்தவர்கள் என்றால் வரிசை முக்கியம். 1990 இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் போன குடும்பம், அங்கே 1992 இல் பிறந்த மகள், அவளுக்கு அங்கேயே 2014 இல் பிறந்த பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்கு நேரே எழுதிப் பயனில்லை. அம்மம்மா, அம்மப்பாவின் பத்திரங்களை வைத்து முதலில் மகளைப் பதிய வேண்டும், அதன் பிறகு பேரன். மகளின் கணவர் இலங்கையில் பிறந்து இலங்கைப் பத்திரங்களோடு இருப்பவர் என்றால் பேரனை அவர் வழியாகத் தனியாகவே கேட்கலாம். எந்த வழி சுருக்கமோ அந்த வழி.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய இந்திய வம்சாவழிக் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தாத்தா பாட்டிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை எந்தச் சட்டத்தில் கிடைத்தது? பிரஜாவுரிமைச் சான்றிதழ் என்று பழைய தாள் ஏதாவது பெட்டிக்குள் கிடந்தால் அதைப் பொன்போல வைத்திருங்கள். இல்லையென்றாலும் கைவிட வேண்டாம். இந்திய வம்சாவழியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களையும் இங்கே வசிக்கும் அவர்களின் சந்ததியையும் உள்ளடக்குகிறது. யுத்தத்தால் இந்தியாவுக்கு ஓடிப்போனவர்கள் அந்த வதிவிட நிபந்தனையால் விடுபட்டுப் போகக் கூடாதென்று 2009 இல் திருத்தமும் வந்தது. இந்தக் குடும்பங்களின் பைல் சட்டத்தரணியின் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது படி: பத்திரங்களைச் சேர்ப்பது

பிள்ளையின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, பிள்ளை பிறந்த காலத்தில் பாஸ்போர்ட் இருந்திருந்தால் அது. முகாமில் இருந்தவர்கள் இதோடு முகாம் குடும்பப் பதிவட்டை, திரும்பி வந்தபோது ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். தந்த தாள்கள், தற்காலிகப் பயணப் பத்திரம், பிள்ளை படித்த பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கேட்கிறார்களோ இல்லையோ, குடும்பம் ஏன் அங்கே போனது, எப்போது வந்தது என்பதை இந்தத் தாள்கள்தான் சொல்லும். அந்தப் பதிவட்டையைத் திரும்பி வரும்போது எறிந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அங்கே இன்னும் இருப்பவர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து ஒரு தாளையும் எறிய வேண்டாம்.

2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது கொடுமைதான். ஆனால் தாள் போனாலும் பதிவு போயிருக்க வேண்டுமென்றில்லை. உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெயர், பிறந்த திகதி, இடம், பெற்றோர் பெயர் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பல பதிவுகள் இப்போது கணினியில் ஏறிவிட்டன, அதனால் பிறந்த ஊர்ப் பிரதேச செயலகத்துக்கே போகாமலும் பிரதி எடுக்க வாய்ப்பிருக்கிறது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள், பதிவு இல்லை என்று எழுத்தில் தரச் சொல்லி வாங்குங்கள். பிறகு காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ அனுமான வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள்தான் அத்திவாரம்.

வளைகுடா நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்டு அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும், ஆஸ்பத்திரி கொடுத்த துண்டு போதாது. அரபு மொழியில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தும் வேலைக்கு வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

மூன்றாவது படி: பெயர்கள். இங்கேதான் பைல் படுக்கும்

சட்டத்தால் தட்டுப்படுகிற பைலைவிடப் பெயரால் தட்டுப்படுகிற பைல்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வேன். காரணம் இரண்டு கரையிலும் பெயர் எழுதும் முறை வேறு. ஒரு உதாரணம் பார்ப்போம். தகப்பன், கந்தையா சிவராசா. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் “சிவராசா”, தகப்பன் பெயர்க் கூட்டில் “கந்தையா”. முகாம் பதிவட்டையில் “க. சிவராஜா”. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வெறும் “ராஜா”, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டபோது பக்கத்தில் நின்ற மாமி வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டா. தாய், திருமணச் சான்றிதழில் “வேலாயுதம் யோகேஸ்வரி”, முகாமில் “சி. யோகேஸ்வரி”, பிள்ளையின் சான்றிதழில் “யோகேஷ்வரி”. வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இது ஒரே ஆள்தானென்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது, அவருக்கு இது மூன்று ஆண், மூன்று பெண்.

ஆகவே ஒரு கொப்பித் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போடுங்கள். இடப்பக்கத்தில் ஒவ்வொரு பத்திரத்தின் பெயர், அதற்கு நேரே தகப்பன் பெயர் அதில் எப்படி இருக்கிறது, தாய் பெயர் எப்படி, பிள்ளை பெயர் எப்படி, பிறந்த திகதி என்ன. ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு இரவு குந்தியிருந்து இதைச் செய்தால் எங்கே ஓட்டை இருக்கிறதென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு விதமான பிழை உண்டு. சின்ன எழுத்து வித்தியாசம், முதலெழுத்து முன்னுக்குப் பின் வந்தது, ச-ஜ மாற்றம், இவற்றுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். இந்த இந்தப் பத்திரங்களில் இப்படி இப்படி எழுதப்பட்டிருப்பவர் நான் ஒருவனே என்று, ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கத்தையும் போட்டு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் சேர்ந்தால் நல்லது. ஆனால் “ராஜா” மாதிரி ஆளே வேறாகத் தெரிகிற பெயர், பிறந்த திகதிப் பிழை, பிள்ளையின் பெயர்க் கூடு வெறுமையாகக் கிடப்பது, இதையெல்லாம் சத்தியக்கடதாசியால் மூடப் பார்க்காதீர்கள். அந்தச் சான்றிதழைக் கொடுத்த தமிழ்நாட்டுப் பதிவாளரிடமே, அது நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ, திருத்தி எடுப்பதுதான் நிலைக்கும். அங்கே இன்னும் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு அதிகாரக் கடிதமும் பத்திரப் பிரதிகளும் அனுப்பிச் செய்விக்கலாம். இந்தியாவிலிருந்து ஏதிலிகளின் பத்திர வேலைகளில் பல வருடமாகக் கைகொடுத்து வருகிற ஒஃபர் அமைப்பிடமும் கேட்கலாம். கொஞ்சம் காலம் எடுக்கும், எடுக்கட்டும். பிழையான பெயரோடு பிரஜாவுரிமைச் சான்றிதழ் கையில் வந்தால், பிறகு அடையாள அட்டை, பாஸ்போர்ட், காணி உறுதி என்று அந்தப் பிழை சாகும்வரை கூடவே வரும்.

திருமணச் சான்றிதழ் இல்லையென்றால்? முகாமில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் இருந்த சோடிகள் ஏராளம். இங்கே திரும்பி வந்து பதிந்திருந்தால் திருமணத் திகதி பிள்ளை பிறந்ததற்குப் பிறகு இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து சான்றிதழை மறைக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி கொடுத்து, எப்போது எந்தக் கோயிலில் கலியாணம் நடந்தது, ஏன் அப்போது பதியவில்லை என்று ஒரு சத்தியக்கடதாசி வையுங்கள். தாய் வழியாகக் கேட்பதும் இப்போது திறந்த வழிதான்.

நான்காவது படி: எங்கே கொடுப்பது

இன்னும் தமிழ்நாட்டில் இருக்கிறீர்களா, அங்கேயே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்துவிட்டு வாருங்கள். திரும்பி வரத் தீர்மானித்த குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். அங்கே பதிந்தால் திருத்தம் ஏதும் வந்தாலும் பதிவாளர் அலுவலகம் பஸ் தூரத்தில்தான் இருக்கும். இங்கே வந்த பிறகு நடுவில் கடல் வந்துவிடும்.

இங்கே வந்துவிட்டவர்களுக்கு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவு. பத்தரமுல்லையில் சுகுறுபாய கட்டடத்தில் இருக்கிறது. வவுனியாவில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் பஸ் ஏற முதல் அங்கே போய் விண்ணப்பப் படிவத்தையும் தேவையான பத்திரப் பட்டியலையும் கேளுங்கள். கட்டணமும் பிந்திய பதிவுக்கான தண்டப்பணமும் மாறுகிற விஷயம், போன வருடம் பக்கத்து வீட்டார் கட்டிய தொகையை நம்பிக் காசை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். திணைக்களத்தின் 1962 இலக்கத்துக்கோ அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 க்கோ எடுத்துக் கேளுங்கள், 1919 இல் தமிழில் பேசலாம்.

பிந்தியதற்கான கடிதம்

ஒரு வருடம் தாண்டிய விண்ணப்பத்தில் உயிர்நாடி இந்தக் கடிதம். “தெரியாமல் விட்டுவிட்டோம், மன்னிக்கவும்” என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது காரணமே இல்லை. சட்டம் கேட்பது தகுந்த காரணம். வன்னிக்காரருக்கு அது இல்லாமலா? திகதியோடும் ஆதாரத்தோடும் எழுதுங்கள். இப்படி:

“நான் முழங்காவிலைச் சேர்ந்தவன். யுத்தம் காரணமாக 2006 ஆம் ஆண்டு குடும்பத்துடன் கடல் வழியாக இந்தியா சென்று மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டேன் (பதிவட்டைப் பிரதி இணைப்பு 4). எனது மகன் 2010 மார்ச் மாதம் ராமநாதபுரத்தில் பிறந்தார் (இணைப்பு 1). அக்காலத்தில் என்னிடம் கடவுச்சீட்டு இருக்கவில்லை, முகாமிலிருந்து வெளியே செல்ல அனுமதி பெற வேண்டியிருந்தது, பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்ற விளக்கமும் எமக்குக் கிடைக்கவில்லை. 2016 இல் நாடு திரும்பினோம் (இணைப்பு 5). மகன் அன்றிலிருந்து இங்கேயே கல்வி கற்று வருகிறார் (அதிபரின் கடிதம், இணைப்பு 6). எனவே காலம் கடந்த இப்பதிவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். உங்கள் திகதிகளையும் உங்கள் இணைப்பு இலக்கங்களையும் போட்டு எழுதுங்கள், அடுத்த வீட்டாரின் கடிதத்தைப் பார்த்து எழுதாதீர்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேலை சுருக்க முடிய வேண்டுமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பொன்றையும் பின்னால் குத்திவிடுங்கள். பாடசாலை அதிபர், கிராம அலுவலர் கடிதங்களைப் போகிற கிழமையே வாங்குங்கள், ஆறு மாதம் பழைய கடிதத்தைத் திருப்பிவிட இடம் கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது படி: பத்தரமுல்லை போகிற நாள்

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு. மூலப்பிரதிகள் ஒரு பைலில், போட்டோ கொப்பிகள் இன்னொரு பைலில், ஒவ்வொன்றிலும் இரண்டு. மூலப்பிரதியைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கட்டாயம் வைத்துக்கொள்வோம் என்றால் பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். பிள்ளையின் தாய் தகப்பன் இருவரும் போனால் நல்லது, அங்கேயே ஒப்பம் கேட்டால் இன்னொரு பயணம் மிச்சம். சிங்களம் தெரியாதென்று தயங்கி நிற்க வேண்டாம், தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் வேண்டும் என்று கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, கேட்பது உங்கள் உரிமை.

ஏதாவது குறை என்று திருப்பி அனுப்பினால், என்ன குறை என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். “இன்னொரு சான்றிதழ் கொண்டு வாங்கோ” என்று வாயால் சொன்னதை ஊருக்கு வந்து ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்டு அலைந்த குடும்பங்கள் இருக்கின்றன. பைல் இலக்கத்தைப் போனிலும் எழுதி வையுங்கள், வீட்டுச் சுவர்க் கலண்டரிலும் எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்க முடியும்.

வாசலில் நின்று “நான் சுருக்க எடுத்துத் தாறேன்” என்பவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவர் உள்ளே கொடுப்பதும் இதே படிவம்தான், ஆனால் உங்கள் மூலப்பிரதிகள் அவர் கையில் போய்விடும். கள்ளமாக இங்கே பிறந்ததாக ஒரு பிறப்புப் பதிவைச் செய்து தருகிறேன் என்று சொல்பவர் அதைவிட ஆபத்து. உண்மையிலேயே உரிமை உள்ள பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிற வேலை அது.

மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையும் இருந்தால்

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்களைப் பிறப்பாலேயே இந்தியப் பிரஜைகள் என்கிறது இந்தியச் சட்டம். 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பர் 3 இலிருந்து அது இன்னும் இறுகிவிட்டது. அதனால் தாய் தகப்பன் இருவரும் இலங்கையராக இருந்து முகாமில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இந்தியரும் இல்லை, இங்கேயும் பதியவில்லை என்றால் எந்த நாட்டுக்கும் இல்லாமல் நிற்பார்கள். நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மாறாக, பிறப்பாலேயே வேறு நாட்டுப் பிரஜாவுரிமையும் உள்ள பிள்ளை, உதாரணமாகக் கனடாவில் பிறந்தவர், வம்சாவழியாக இலங்கைப் பிரஜையாகப் பதியப்பட்டிருந்தால் 22 வயதைக் கவனிக்க வேண்டும். அந்த வயது நிறைவதற்குள் மற்ற நாட்டுப் பிரஜாவுரிமையைத் துறந்து அறிவிக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமல் போகும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டையும் வைத்திருக்க விரும்பினால் இரட்டைப் பிரஜாவுரிமை பற்றி 22 வருவதற்கு முன்பே திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

முதல் வேலை, அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தையும் வாசியுங்கள். பிழை இருந்தால் அந்த மேசையிலேயே சொல்லுங்கள். சரி என்றால் வீட்டுக்கு வந்து லமினேற் பண்ணாமல் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள், லமினேற் பண்ணியதைச் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். போனில் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்து ஒரே நாளில் போனதை நாம் பார்த்தவர்கள்.

பிறகு, பிள்ளைக்கு 15 வயது ஆகிவிட்டதென்றால் அடையாள அட்டைக்குப் பள்ளிக்கூடம் மூலமோ கிராம அலுவலர் மூலமோ விண்ணப்பியுங்கள், பிறப்புச் சான்றிதழோடு பிரஜாவுரிமைச் சான்றிதழின் பிரதியும் சேர்த்து. 18 ஆனவர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் பாருங்கள். வீட்டில் இன்னொரு பிள்ளையும் அங்கே பிறந்தவர் என்றால் அவருடைய விண்ணப்பத்தை இந்தப் பைலின் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள், தாய் தகப்பனின் பத்திரங்கள் ஒருதரம் ஏற்கப்பட்டிருப்பதால் இரண்டாவது பிள்ளைக்கு அவ்வளவு இழுபடாது.